புதுப்பிப்பு: முன்பல் கேப், சிமெண்ட் நிறம்

வேர் சிகிச்சைக்குப் பிறகு கறுத்துப்போன முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் (ஒளி ஊடுருவும் ஒரு வகைப் பீங்கான்) கேப் போடுகிறேன், ஒட்டும் சிமெண்டால் நிறம் மாறுமா என்று கேட்டிருந்தேனே, ஒட்டியாகிவிட்டது. மாறும், ஆனால் கொஞ்சம்தான்.

ஒட்டுவதற்கு முன் டாக்டர் ட்ரை-இன் பேஸ்ட் வைத்து, சிமெண்ட் எந்த நிறத்தில் தெரியும் என்று காட்டினார். கிளிசரின் பசை, தண்ணீரில் கழுவினால் போய்விடும். நிறமில்லாததை வைத்தபோது ஈறு ஓரத்தில் சாம்பல் நிழல் அப்படியே இருந்தது, வெள்ளை ஒபேக் (ஒளி புகாதது) வைத்ததும் அது அடங்கிவிட்டது, ஆனால் பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உயிரில்லாமல் தெரிந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை, கடைசியில் ஏ2 சாயலில் (பல் நிற அட்டவணையில் ஒரு வெளிர் நிறம்) ஒட்டச் சொன்னேன். நிழல் லேசாக இருக்கிறது, பரவாயில்லை. ஒன்று, நிறத்தைச் சட்டென்று பார்த்துவிடுங்கள், வாய் திறந்தே இருந்தால் பக்கத்துப் பல் காய்ந்து வெளுத்துவிடும், ஒப்பிட முடியாது.

கேப் 1 மி.மீ.க்கும் மெலிதாக இருந்தால் சிமெண்டின் நிறம் நன்றாகவே தெரியும், 2 மி.மீ. தடிமனில் பெரும்பாலும் மறைந்துவிடும். அப்புறம் டூயல் க்யூர் (ஒளியாலும் வேதிவினையாலும் இறுகும்) சிமெண்ட் பற்றிக் கேட்டவருக்கு: அந்த வகைகள் பலவற்றில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் நாளாக ஆக மஞ்சளிக்கும், அதனால்தான் மெல்லிய வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் தகடு) என்றால் லைட் க்யூர் (ஒளியால் மட்டும் இறுகும்) சிமெண்ட் பக்கம் போகிறார்கள்.