வானொலி மீடிறன் வெப்பமூட்டலின்போது பிளாஸ்மாவில் தங்குதன் மாசு கூடுவது ஏன்?

வினா (மாணவி, வந்தாறுமூலை)

வணக்கம். இறுதியாண்டு ஆய்வறிக்கைக்காக டோக்கமாக் பொறிகளில் (அணுக்கருச் சேர்க்கைக்காகப் பிளாஸ்மா எனும் சூடான அயனாகிய வாயுவைக் காந்தப்புலத்தால் அடக்கிவைப்பவை) அயன் சைக்கிளோத்திரன் மீடிறனில், அதாவது அயன்கள் காந்தப்புலத்தைச் சுற்றும் மீடிறனிலுள்ள வானொலி அலையால், பிளாஸ்மாவை வெப்பமூட்டும் முறையைப் படித்து வருகிறேன். அலையை அனுப்பும் அன்ரெனாவுக்கு வலு வழங்கியதும் பிளாஸ்மாவில் சுவர் உலோகமான தங்குதன் கூடுவதாகக் கட்டுரைகள் கூறுகின்றன. அலை தன் சக்தியைக் கொடுப்பது நடுவிலுள்ள அயன்களுக்கு என்றால், ஓரத்து உலோகம் ஏன் பெயர்கிறது? சுவருக்குப் போரன் பூசினால் போதாதா?

மறுமொழி 1 (பௌதிகவியல் ஆசிரியர், கல்முனை)

தங்கைக்கு, விடை சுவரையொட்டிய மெல்லிய உறைப்படலத்தில் இருக்கிறது. இலத்திரன்கள் இலேசானவை என்பதால் அயன்களை முந்திச் சுவரை அடைகின்றன. அதனால் எழும் மின்னழுத்த வித்தியாசம் அயன்களைச் சுவரை நோக்கி ஆர்முடுக்குகிறது. அலை இல்லாதபோதும் இது நிகழ்வதுதான். ஆனால் அன்ரெனாவின் அருகே காந்தப்புலக் கோட்டின் வழியே ஆடும் மின்புலம் சேர்ந்தால், அப்படலம் இருவாயியைப் போல அதனைச் சீராக்கி, அழுத்தத்தை நூறு வோல்ற்றுக்கும் மேலே உயர்த்திவிடும். தங்குதனைப் பெயர்க்கத் துத்தேரிய (கன ஐதரசன்) அயனுக்கு ஏறத்தாழ 200 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வேண்டும். பல ஏற்றங்கள் கொண்ட ஒட்சிசன் போன்ற அயன்களோ அதே அழுத்தத்தில் பல மடங்கு சக்தி பெறுகின்றன. அவற்றுக்குத் தேவையான எல்லையும் குறைவு.

அணுவெண் 74 என்பதால் தங்குதன் நடுப்பகுதியின் வெப்பத்திலும் தன் இலத்திரன்கள் அனைத்தையும் இழப்பதில்லை. எஞ்சியவை கதிர்வீசிச் சக்தியை வெளியேற்றுகின்றன. பத்தாயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே அணுக்கருச் சேர்க்கை தன்னைத் தானே தாங்குவது அரிதாகிவிடும். போரன் பூச்சு நிச்சயம் உதவும், ஆனால் அயன்கள் வலுவாக மோதும் இடங்களில் அது தேய்ந்துவிடும்.

மறுமொழி 2 (ஆய்வு மாணவர், சம்மாந்துறை)

ஆசிரியர் கூறியதுடன், அந்த மின்புலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அன்ரெனாவின் அலையை எழுப்பும் உலோகப் பட்டியில் மின்னோட்டம் பாயும்போது, சுற்றியுள்ள உலோகச் சட்டத்தில் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தொல்லை தருவது பெரிதும் இதுவே. ஜேர்மனியின் கார்ஹிங்கிலுள்ள அஸ்டெக்ஸ் அப்கிரேட் பொறியில் 2015 இல் மூன்று பட்டி அன்ரெனாக்கள் பொருத்தப்பட்டன. நடுப்பட்டிக்கும் வெளிப்பட்டிகளுக்கும் எதிர் அவத்தை கொடுத்து, நடுப்பட்டிக்கு வலுவைக் கூட்டியபோது, சட்டத்தின் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று பெருமளவு நீக்கின. தங்குதன் வெளியேற்றமும் குறைந்தது. சுவர் முழுவதும் தங்குதனால் ஆன பொறியில் கிடைத்த முடிவு என்பதால் எனக்கு இது மிகவும் நம்பிக்கை தருகிறது. பூச்சு பூசுவதைவிட, மாசு பிறக்கும் காரணத்தையே நீக்குவது நல்லது.

மறுமொழி 3 (பொறியியலாளர், மட்டக்களப்பு)

அமெரிக்காவில் 2016 வரை இயங்கிய அல்காட்டர் சீ-மொட் பொறியையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகப் பட்டிகள் அமையும்படி அன்ரெனாவைச் சாய்த்துப் பொருத்தினார்கள். அங்கு சுவர் உலோகமான மொலிப்தனத்தின் மாசு குறைந்தது. ஆயினும், ஓரத்தில் அளந்த பிளாஸ்மா மின்னழுத்தம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆகவே உறைப்படல மின்னழுத்தம் ஒன்றையே கணித்து மாசின் அளவை முடிவுசெய்ய வேண்டாம். பெயர்ந்த அணு எவ்வழியே நடுப்பகுதியை அடைகிறது என்பதையும் ஆய்வறிக்கையில் தனியாக ஆராயுங்கள்.