மடிநோய்க்கு நறுமண எண்ணெய்: தட்டில் செத்த கிருமி பாலில் சாகவில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள்

தட்டுக்காரன்:
அந்த ஒரு குழாய் இன்னும் உறுத்துகிறது. நாள்பட்ட மடிநோய் உள்ள காம்பிலிருந்து பிரித்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஓம எண்ணெய் நனைத்த காகித வட்டைச் சுற்றி அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) பளிச்சென்று கிருமி வளராத வெற்று வளையம். குழம்பு ஊடகத்தில் (கிருமி வளர்க்கும் திரவம்) மிகச் சிறிய அளவு எண்ணெயிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. அதே கிருமியைக் கொழுப்பு எடுக்காத பாலில் விட்டு, பத்து மடங்கு எண்ணெய் ஊற்றி, மறுநாள் தட்டில் பரப்பினால் எண்ணி மாளாத காலனிகள்.

காரணம் தெரிந்ததுதான். ஓம எண்ணெயின் வீரியப் பொருளான தைமால் நீரை விடக் கொழுப்பை விரும்பும். பாலில் விழுந்ததும் கொழுப்புத் துளிகளுக்குள் போய் ஒடுங்கும், மிச்சம் பால் புரதமான கேசினோடு ஒட்டும். கிருமி இருப்பது நீர்ப்பகுதியில். அங்கே தைமால் சொற்பம். கொழுப்பு நீக்கிய பாலில் வீரியம் ஓரளவு மீள்கிறது, முழுதாக மீள்வதில்லை, ஏனென்றால் புரதம் அங்கேயும் உண்டு. போதாததற்கு, நோயுற்ற காம்பின் பாலில் காரத்தன்மை ஏறும் (நல்ல பாலில் 6.6 முதல் 6.8 வரை, நோயில் 7ஐ ஒட்டி). இந்த எண்ணெய்கள் புளிப்பு ஊடகத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

ஆகவே சோதனையைப் பாலிலேயே செய்யுங்கள். சூடாக்கி ஆறவைத்த பால், மில்லிக்கு 5 லட்சம் கிருமி, 37 டிகிரி. 0, 6, 24 மணி நேரங்களில் மாதிரி. மாதிரியை நீர்க்காமல் நேராகத் தட்டில் பரப்பக் கூடாது. கூடவே வரும் எண்ணெய் தட்டின்மேலும் கிருமியை அடக்கும், பாலிலேயே செத்ததாகக் கணக்கு வரும். ட்வீன் 80 (எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் பால்மமாக்கி) கலந்த பெப்டோன் நீரில் 10 மடங்கு, 100 மடங்கு என்று நீர்த்துப் பரப்ப வேண்டும்.

வளையம்_நம்பாதவன்:
பாலைப் பற்றிச் சொன்னது சரி. வளையத்தைச் சான்றாகச் சொன்னதுதான் இடிக்கிறது. நீர் நிறைந்த அகாருக்குள் எண்ணெய் ஒழுங்காகப் பரவாது. வட்டின்மேல் தேங்கி, ஆவியாகி, மூடிக்கும் அகாருக்கும் இடையிலுள்ள காற்றில் நிரம்பும். இலவங்கப்பட்டை எண்ணெய் நனைத்த வட்டை மூடியின் உட்புறத்தில் ஒட்டி, அகாரைத் தொடாமல் கவிழ்த்து வைத்த தட்டு ஒன்று: அதற்கு நேர் எதிரே வட்டமாக வெற்றிடம்! அப்படியானால் ஒரே தட்டில் நான்கு எண்ணெய் வைத்து வளையம் அளப்பதில் என்ன பொருள்? ஒன்றின் ஆவி மற்றதன் வளையத்தையும் பெரிதாக்கும்.

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் சோதனைத் தட்டிலும் இதே கோளாறு. எண்ணெய் வரிசைக்குப் பக்கத்துக் குழியில், எண்ணெயே இல்லாமல் ஒப்பீட்டுக்காக விட்ட கிருமியும் (வளர்ச்சிக் கட்டுப்பாடு) வளராமல் நிற்கும். ஒட்டுப்படலத்தால் இறுக மூட வேண்டும், எண்ணெய்க்கு ஒரு தட்டு என்று பிரிக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் குழிகளுக்குத் தனித் தட்டு. மூல எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் நீர்த்த பிறகே தட்டில் விடுங்கள். நீர்க்காத கிராம்பு எண்ணெய் தட்டின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை மங்கலாக்கி வெடிப்பு விடவைக்கும். எண்ணெயும் நீரும் கலந்த பால்மம் கலங்கலாக இருப்பதால் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ரெசாசூரின் சாயம் சேர்த்து நீலம் இளஞ்சிவப்பாகிறதா என்று பாருங்கள்; ஆனால் கிருமி உயிரோடு இருக்கிறது. ட்வீனை அள்ளிக் கொட்டினால் எண்ணெய் அதன் நுண்திரளுக்குள் அடைபட்டு, வீரியமில்லாத எண்ணெய் போலத் தோன்றும். அரை சதவீதத்துக்குள் வையுங்கள். எண்ணெய் இல்லாமல் ட்வீன் மட்டும் விட்ட குழியும் கட்டாயம்.

செவலை:
ஆய்வகச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். காம்புத் தோலில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதவில்லையே.

கறந்து முடித்ததும் காம்பை முக்கும் கரைசல். தண்ணீர், கிளிசரின், கிராம்பு எண்ணெய், குலுக்கிக் கோப்பையில் ஊற்றியது. பால்மமாக்கி எதுவும் இல்லை. கிராம்பு எண்ணெயின் அடர்த்தி 1.04க்கு மேல், தண்ணீரில் அடியில் தங்கும். முதலில் வந்த மாடுகளுக்கு வெறும் கிளிசரின் தண்ணீர். கடைசி மாட்டின் காம்பு நுனி கோப்பையின் அடியைத் தொட்டது, அதற்கு முழு எண்ணெய். நுனி வெளுத்து, பிறகு கொப்புளித்துத் தோல் உரிந்தது. கறவைக் குழலை மாட்டப் போனாலே உதைத்தது. தைம் எண்ணெயாக இருந்தால் தலைகீழ்: அடர்த்தி 0.92 அளவில், மேலே மிதக்கும், முதல் மாடு மாட்டிக்கொள்ளும். வெடித்த காம்பு நுனிதான் ஸ்டஃபைலோகாக்கஸுக்குப் பிடித்த இடம். நோயைத் தடுக்க வந்தது வாசலைத் திறந்துவிட்டது.

ஒரு லிட்டருக்கு 10 மில்லி எண்ணெய், அதாவது 1 சதவீதம், அதற்கு மேல் தோலில் வேண்டாம். இலவங்கப்பட்டை எண்ணெய் என்றால் அதிலும் பாதி; அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலை மோசமாக உறுத்தும். எண்ணெயோடு முதலில் 20 முதல் 30 மில்லி ட்வீன் 80ஐக் கலந்து ஒரே திரவமாக்குங்கள். அதில் 100 மில்லி கிளிசரின். அதன் பிறகு கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். வரிசையை மாற்றி எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் எத்தனை கலக்கினாலும் பிரியும். கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். மேலே வளையமோ அடியில் துளியோ தெரிந்தால் மாட்டுக்குப் போகக் கூடாது. கொதிக்காத தண்ணீரில் செய்தால் சூடோமோனாஸ் வளரும். நறுமண எண்ணெய்களுக்கு எளிதில் மசியாத கிருமி அது, கரைசலிலேயே குடும்பம் நடத்தும். சாணம் பட்ட கோப்பைக் கரைசலைப் புட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள்.

அயோடின் கரைசலோடு இதைக் கலக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். தைமாலும், கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலும் ஃபீனால் வகை. அயோடினோடு வினைபுரிந்து இரண்டும் வீணாகும்.

புதுக்கறவை:
செவலை சொன்ன 1 சதவீதக் கரைசலைக் காம்புக்குள்ளேயே விட்டால் என்ன?

மடிவழி:
கூடாது. அது தோலுக்கான கரைசல். ட்வீனும் கிளிசரினும் பால் சுரக்கும் திசுவுக்குள் போகவேண்டியவை அல்ல.

காம்பு வழியாக வீட்டுக் கலவை ஏற்றிய ஒரு மாடு மறக்கவே மறக்காது. நல்லெண்ணெயில் ஓம எண்ணெய் கலந்து, பலமுறை பயன்படுத்திய ஊசிக்குழாயில் ஏற்றியது. முதலில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கல்ச்சரில் (பாலைத் தட்டில் வளர்த்துப் பார்த்ததில்) காணாமல் போயிருந்தது. ஆனால் மடி கல்லாக இறுகியது, பால் நீர்த்தது, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை. மறுபடி கல்ச்சர் செய்தால் தட்டு முழுக்க ஈஸ்ட். எண்ணெய்ப் புட்டி கிருமி நீக்கியது அல்ல; ஊசிக்குழாயும் அப்படியே. ஆன்டிபயாடிக் ஈஸ்டைத் தொடாது, போட்டியிடும் பாக்டீரியாவை விரட்டி அதற்கு இடம்தான் கொடுக்கும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நோயே இல்லாத காம்பில் எண்ணெய் ஏற்றினாலும் பாலில் செல் எண்ணிக்கை (பெரும்பாலும் வெள்ளையணுக்கள்) ஏறும், அது இரசாயன அழற்சி. ஆகவே ஏற்றிய அடுத்த நாட்களில் சி.எம்.டி. சோதனையில் (பாலில் திரவம் கலந்து செல் ஏற்றத்தைக் காட்டும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) பால் கெட்டியாவதை வைத்து நோய் போனதா இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனையையே பலர் அவசரமாகச் செய்கிறார்கள். முதல் பீச்சலை விலக்கி, கிண்ணத்துக்கு 2 மில்லி பால், அதே அளவு திரவம், வட்டமாகச் சுழற்றி 20 விநாடிக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் திரிதிரியானது கலைந்துவிடும்.

மருத்துவர் கொடுத்த குழாய் மருந்தை ஏற்றும்போதும் வரிசை உண்டு. ஆல்கஹால் பஞ்சால் துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்பை முதலில், கிட்ட இருப்பதைக் கடைசியில். ஏற்றும்போது கிட்ட இருப்பதை முதலில். இல்லாவிட்டால் கை துடைத்த காம்பிலேயே உரசும். முனையை முழுக்கச் செருகாமல் 3 மில்லிமீட்டர் அளவு நுழைத்தால் போதும்; ஆழமாகப் போனால் துளையின் கெரட்டின் அடைப்பும் வெளிக்கிருமியும் சேர்ந்து உள்ளே தள்ளப்படும். கறந்த பின் மாட்டை உடனே படுக்க விடாமல் தீனி போட்டு ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள், துளை மூட நேரம் பிடிக்கும். காய்ச்சல், தீனி மறுப்பு, தண்ணீர் போன்ற பால், இவை சேர்ந்தால் ஈ.கோலை கிருமியின் நச்சு இரத்தத்தில் ஏறியிருக்கலாம். அந்த வேளையில் எண்ணெய் தேடுவது நேரத்தைத் தின்னும், மருத்துவரை அழையுங்கள். எண்ணெய் பட்ட காம்பின் பாலைப் பொதுப் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள். தைமால் வாசம் மிகச் சிறிய அளவிலேயே பிடிபடும், தயிர் உறையாமலும் கெடுக்கும்.

தட்டுக்காரன்:
"காணாமல் போயிருந்தது" என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். எத்தனை கல்ச்சர்? ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விட்டு விட்டுத்தான் பாலில் வெளியேறும். செல்லுக்குள்ளும் நுண்கட்டிகளுக்குள்ளும் பதுங்கிக் கிடக்கும். ஒரு முறை தட்டு வெறுமையாக இருந்தால் குணம் என்று எழுதக் கூடாது. 14, 21, 28ஆம் நாட்களில் எடுக்க வேண்டும். ஈ.கோலையில் சிக்கல் வேறு. லேசான தாக்குதல் பெரும்பாலும் தானே அடங்கும். அன்று எதைத் தடவியிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மருந்தில்லாத ஒப்பீட்டு மாடுகள் இல்லாத "குணமானது" எல்லாம் எனக்கு வெறும் செய்தி.

மடிவழி:
இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றுதான் எழுதினேன். குணமானது என்று எங்கே எழுதினேன்?

வாசனைக்கணக்கு:
இவ்வளவு பேரும் புட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்கவில்லை. ஒரே "தைம் எண்ணெய்" சீட்டு ஒட்டிய இரண்டு புட்டி. ஒன்று கிருமியை அடக்கியது, மற்றது சும்மா மணந்தது. எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைப் பகுப்பாய்வில் இரண்டாவது லினலூல் வகை, தைமால் பெயருக்குத்தான். ஒரே தாவர இனத்திலேயே தைமால், கார்வக்ரால், லினலூல், ஜெரானியால் என்று வேதிவகைகள் உண்டு. ஓம எண்ணெயிலும் தைமால் போக மீதி பெரும்பாலும் பாரா-சைமீனும் காமா-டெர்பினீனும். பகுப்பாய்வுச் சீட்டு இல்லாத புட்டிக்கு சதவீதக் கணக்குப் போடுவது வீண்.

அளவைச் சொட்டில் எழுதாதீர்கள். சொட்டின் பருமன் எண்ணெயையும் புட்டி மூக்கின் விட்டத்தையும் பொறுத்து மாறும். மில்லியில் அல்லது எடையில்.

புதுக்கறவை:
பாதி தீர்ந்த டீ ட்ரீ எண்ணெய்ப் புட்டி வெளிச்சத்தில் கிடந்தது. கரைசலுக்கு ஆகுமா?

வாசனைக்கணக்கு:
ஆகாது. பாதிப் புட்டியில் காற்று அதிகம், டெர்பீன்கள் பெராக்சைடாகியிருக்கும். தோலை ஒவ்வாமைக்குள்ளாக்குவது பெரும்பாலும் அந்தப் பழைய எண்ணெய்தான். புதிதாக வாங்குவதைச் சிறு பழுப்புப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி, குளிரில் வைத்து, திறந்த தேதியை மேலே எழுதுங்கள்.