மறு: ‘மேஜிக் கான்ஸ்டன்ட்’ – மாய மாறிலி சரிதானா?

அண்ணே, வணக்கம்.

பிஎச்பி நிரல்மொழிப் பாடக்குறிப்பில் __ஃபைல்__ (அது எழுதப்பட்ட கோப்பின் வழி), __லைன்__ (அது எழுதப்பட்ட வரியின் எண்) இரண்டுக்கும் ‘மாய மாறிலி’ என்று இருக்கிறது. ‘மாய’ போகட்டும், ‘மாறிலி’ ஒட்டவில்லை. ஏழாம் வரியில் எழுதினால் 7, எழுபதில் எழுதினால் 70. இடத்துக்கு இடம் மாறுவது எப்படி மாறிலி? ‘நடப்பு வரியெண்’ என்று வைக்கலாமா?

– மேலூர்

தம்பி, மாறிலியை விட்டுவிடலாம். ஆனால் ‘நடப்பு’ கூடாது. நிரல் ஓடும்போது நிற்கிற வரி என்றல்லவா புரியும்? இது நிரல் ஓடுமுன், தொகுக்கும்போதே (கம்பைல்) பதிந்துவிடுகிற எண். பதிவு (லாக்) எழுதும் செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்), 14ஆம் வரியில் __லைன்__ போட்டுப் பாருங்கள். எங்கிருந்து அழைத்தாலும் பதிவேட்டில் 14, 14, 14. அழைத்த வரி வேண்டுமென்றால் பிஎச்பியில் டீபக்_பேக்ட்ரேஸ், பெர்ல் மொழியில் காலர் என்ற செயற்கூறுகள் இருக்கின்றன.

என் பரிந்துரை ‘தன்னிடச்சுட்டு’. சுட்டி பாயிண்டருக்குப் போய்விட்டது, சுட்டு மிச்சமிருக்கிறது.

கோப்பு வழியில்தான் வம்பு அதிகம். மாசி வீதிக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, அதுபோல. குறியீட்டு இணைப்பு (வேறிடத்துக் கோப்பையோ அடைவையோ காட்டும் மாற்றுப்பெயர்) வழியாகப் போனாலும் பிஎச்பி உண்மை வழியையே தரும். பைதான் மொழி நாம் போன வழியையே தரும். ‘கரண்ட்’ என்ற இணைப்பை வெளியீட்டுக்கு வெளியீடு மாற்றிக் கட்டுபவர்கள் __டிர்__ஐ (கோப்பு இருக்கும் அடைவின், அதாவது ஃபோல்டரின் வழி) ஒட்டிப் பதிவேற்ற அடைவு வைத்தால், படங்கள் பழைய வெளியீட்டு அடைவிலேயே தங்கிவிடும். புது வெளியீடு வந்ததும் தளத்தில் படம் இருக்காது.

– திருமங்கலம்

அண்ணே, ‘தன்னிடம் பணம் இல்லை’ என்பதுபோல் அல்லவா காதில் விழுகிறது! ‘இவ்விடச்சுட்டு’ என்றால்? அண்மைச்சுட்டான இகரமும் உள்ளேயே வந்துவிடும்.

இன்னொன்று. பிஎச்பியில் இவாலுக்குள் (உரையாகத் தந்ததை நிரலாக ஓட்டும் கட்டளை) வரியெண் மறுபடி 1இலிருந்து தொடங்கும். __ஃபைல்__ கோப்புப்பெயரோடு அடைப்புக்குள் இவால் இருந்த வரியையும், பின்னால் ஒரு வாலையும் சேர்த்துத் தரும். அதைத் திறக்கப் போனால் கோப்பே இல்லை என்னும்; __டிர்__ மட்டும் சரியாக வரும். பெர்லில் ‘# லைன் 200’ என்று குறிப்பு எழுதினால் அடுத்த வரி 200 ஆகிவிடும். இவ்விடம் என்று நிரல் நம்பும் இடம், அவ்வளவுதான்.

– மேலூர்

இவ்விடச்சுட்டு என்றே பதிகிறேன்: வரிச்சுட்டு, கோப்புச்சுட்டு, அடைவுச்சுட்டு. __ஃபங்ஷன்__, __கிளாஸ்__ இரண்டும் இடமல்ல, பெயர். அவற்றை இதில் சேர்க்கவில்லை; தனி இழையில் பேசுவோம்.

– திருமங்கலம்