‘பால் வெட்டுகிறார்’ என்று எழுதினால் தப்பா? வடி, கற, இறக்கு, கோரு… எதை எங்கே சொல்வது?

கேட்டவர்: குலசேகரத்துக்காரி

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னதில், “என் பாட்டா விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போவார்” என்று எழுதியிருந்தான். ‘வெட்ட’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘கறக்க’ என்று திருத்தி நோட்டு திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் மாடே கிடையாது, பாட்டாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. பாட்டாவிடம் காட்டினால், “ரப்பர் மரத்துக்கு மடி எங்கலே இருக்கு?” என்று ஒரே சிரிப்பு.

திருத்தியவர் வெளியூர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் செய்தித்தாளில் ‘பால்வடிப்புத் தொழிலாளர்கள்’ என்று போடுகிறார்கள். “வடிக்கப் போறேன்” என்று எங்கள் பக்கம் ஒருத்தர் சொல்லியும் நான் கேட்டதில்லை. எது சரி? இப்படிப் பாலோ நீரோ எடுப்பதற்கு வேறு என்னென்ன சொல் இருக்கிறது?

பதில் 1: நாகர்கோவில் மெய்ப்புக்காரன்

எழுத்துத் தமிழுக்கு ‘வடித்தல்’தான் பொருத்தம். பாலுக்கு ‘வெட்டு’ என்பது மலையாளத்திலிருந்து வந்த வழக்காக இருக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-க்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது.

‘வடி’யில் ஒன்றைக் கவனியுங்கள். தானாக இறங்கினால் வடிகிறது, வடிந்தது. நாம் இறக்கினால் வடிக்கிறோம், வடித்தோம். “வெள்ளம் வடிந்தது” சரி, “வெள்ளம் வடித்தது” தப்பு. ‘கற’ என்றால் மடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பணத்தையோ விஷயத்தையோ தந்திரமாகப் பிடுங்குவதற்கு வரும்: “காசைக் கறந்துட்டான்”.

பதில் 2: பேச்சிப்பாறைப் பக்கம்

மெய்ப்புக்கார அண்ணாச்சி, இலக்கணம் சரி. ஆனால் ‘வெட்டு’க்கு நீங்கள் கொடுத்த தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 22 வருஷம் வெட்டியவன் நான்.

நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்தடிக்குப் போவோம். முந்தின வெட்டில் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுக்க வேண்டும். அப்புறம் இடதுபக்க மேட்டிலிருந்து வலதுபக்கப் பள்ளத்துக்கு, 30 டிகிரிச் சாய்வில், பட்டையை ஒரு சீவல். பட்டைக்கு உள்ளே இருக்கும் தடிக்கு, அதாவது மரக்கட்டைக்கு, ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நிற்க வேண்டும். கூடுதலாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம், அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். வெட்டு சரியாக விழுந்தால், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி, சிரட்டைக்குள் (கொட்டாங்கச்சிக்குள்) சொட்டும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பாலின் வேகம் குறையும். அதனால்தான் இந்த இருட்டு.

இதில் நான் செய்வது வெட்டு. வடிவது பால், என் கையால் இல்லை, தன்பாட்டுக்கு. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வாளியோடு போவது ‘பால் எடுக்க’. அதை ஆசிட் விட்டுத் தட்டில் உறைய வைத்து, மறுநாள் ரோலரில் கொடுப்பது ‘ஷீட் அடிக்க’. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. எல்லாவற்றையும் ‘வடிப்பு’ என்று ஒரே பெயரில் அடைத்தால், வெட்டின கையும் சுமந்த கையும் எங்கே போச்சு?

“பாலை எப்படி வெட்ட முடியும், பட்டையைத்தானே வெட்டுகிறாய்” என்று ஒருத்தர் என்னிடமே கேட்டார். சரி, வீட்டில் சோறு வடிக்கிறார்களே, வடிவது சோறா கஞ்சியா? கிணறு இறைக்கிறோம், இறைபடுவது கிணறா தண்ணீரா? இன்னொரு சங்கதி. முப்பது வருஷம் ஆகிப் பால் குறைந்த மரத்தை விறகுக்கும் தடிக்கும் விற்போம். அதற்குப் பெயர் ‘மரம் வெட்டு’. அதற்கு வருகிற ஆளும் வேறு, ஆயுதமும் வேறு. “நாளைக்கு நம்ம தோட்டத்துல மரம் வெட்டு” என்று தப்பாகச் சொல்லிப் பாருங்கள், தோட்டக்காரருக்கு நெஞ்சு அடைத்துவிடும். அதனால் ‘பால் வெட்டு’ என்று பிரித்துச் சொல்கிறோம். மலையாளத்திலிருந்து வந்ததோ எங்கிருந்து வந்ததோ, எங்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

பதில் 3: கருங்கல்காரன்

பனைக்கு இதே கதைதான். அக்கானியை, அதாவது பதநீரை, யாரும் வடிப்பதில்லை, இறக்குவார்கள். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்டி, காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். ஆனாலும் அதற்கும் வினை ‘இறக்கு’தான். ஏறினவனுக்குத்தானே இறக்கத் தெரியும். ரப்பருக்கு ஏறுகிற வேலை இல்லை, அதனால் இந்தச் சொல் அங்கே ஒட்டாது.

கிணற்றுத் தண்ணீருக்கு எங்கள் அம்மை ‘கோரு’ என்பாள். “ரெண்டு தோண்டி கோரிட்டு வா மக்கா.” சென்னையில் இதைச் சொல்லி முழித்தேன், அங்கே ‘சேந்து’ என்றார்கள். குடத்திலிருந்து செம்பில் எடுத்தால் மொள்ளுதல். வயலுக்கு என்றால் இறைத்தல்.

இன்னொன்று, ‘இறுத்தல்’. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். பாத்திரத்தை மெல்லச் சாய்த்து மேல்தெளிவை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுப்பதுதான் இறுப்பது. துணி போட்டால் அது வடிகட்டுவது. பையனின் அறிவியல் பாடத்திலேயே ‘தெளிய வைத்து இறுத்தல்’ வரும், பாருங்கள்.

கேட்டவர்: குலசேகரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. பேச்சிப்பாறை அண்ணாச்சி எழுதியதைப் பாட்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த ஆளு வெட்டுகாரன்தான்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மகன் திருத்தி எழுதியது இது: “பாட்டா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். பால் சிரட்டையில் வடியும். அம்மா போய் எடுத்து வருவார்.” ‘ரப்பர் மரத்தில்’ என்பதை முதலிலேயே போட்டிருக்கலாம், அது அவன் தப்புதான். திங்கட்கிழமை நோட்டு திரும்பி வரும். என்ன நிற மை என்று இங்கே வந்து சொல்கிறேன்.