டேங்கிள், வீவ்: பாடநூலுக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1 (சேலம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழிப் பாடநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பதிப்பில் நிரல்களை வேர்டில் வெட்டி ஒட்டினேன். ஒரு வரியின் உள்தள்ளல் நான்கு இடத்துக்குப் பதில் மூன்று இடமாக அச்சாகிவிட்டது. புத்தகத்தில் இருந்தபடியே தட்டச்சு செய்த பிள்ளைகள் பிழைச்செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

இந்த முறை ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் உள்ள ஆர்க்-மோடில் எழுதுகிறேன். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில். ஒரு கட்டளை கொடுத்தால் நிரல் மட்டும் தனிக்கோப்பாக வரும். அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிடிஎஃப். இந்த வழியை வகுத்தவர் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத். 1984இல் கட்டுரையாகவே எழுதினார். அவருடைய வெப் அமைப்பில் (இணையம் அல்ல, இது நிரல் எழுதும் அமைப்பு) இரண்டு கருவிகள். கணினிக்கான நிரலைத் தருவது டேங்கிள், மனிதர் படிக்கும் ஆவணத்தைத் தருவது வீவ்.

முன்னுரையில் இவற்றை விளக்க வேண்டும். வீவுக்கு ‘நெய்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த சக ஆசிரியர் பசுநெய்யா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. உதவுங்கள். வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லுக்குத் திண்டாடுவது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

மடல் 2 (திருநெல்வேலி)

அன்புள்ள ஆசிரியருக்கு,

புத்தகத்துக்கும் பஞ்சிழைக்கும் ‘நூல்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி இது. நன்னூல் பாயிரம் ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று தொடங்கி, புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்து முழு உவமையையும் முடித்துவிடுகிறது. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டு. அதற்கும் முன்னால் புறநானூற்றில் ‘பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன’ என்று வருகிறது. அங்கே பனுவல் என்பது பஞ்சு. பிறகு அதே சொல் நூலுக்கு ஆகிவந்தது. ‘பன்னுதல்’ என்றால் பஞ்செடுத்தல், பலமுறை சொல்லுதல் இரண்டும் உண்டு. இந்த வேரை இன்னும் தோண்டலாம்.

என் பரிந்துரை: வீவ் – நெசவு. டேங்கிள் – நூற்பு.

மடல் 3 (சென்னை)

> டேங்கிள் – நூற்பு

ஐயா, உவமை அழகுதான், ஆனால் பொருள் தலைகீழாகிறது. நூற்பது இழையை உண்டாக்குவது. டேங்கிள் ஏற்கெனவே எழுதியதை எடுத்துக் கொடுப்பது. வேர் தோண்டுவதைப் பற்றி ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ (சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது) என்று தொல்காப்பியரே சொல்லிவைத்திருக்கிறார்.

மாணவர் கோப்பில் ‘டேங்கிள்’ என்றுதான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்போகிறார். புத்தகத்தில் வேறு சொல் இருந்தால் இரண்டையும் முடிச்சுப்போட அவருக்கு ஒரு வாரம் ஆகும். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை என்பதும் அவர் வாக்குத்தான். டேங்கிள் என்றே விடுங்கள். ‘ஆர்’ என்ற நிரல்மொழிக்காரர்கள் ஸ்வீவ், ஸ்டேங்கிள் என்றார்கள், அப்புறம் நிட்டர் என்ற கருவி வந்ததும் நிட், பர்ல் என்று பின்னல் ஊசிக்கு மாறினார்கள். ஒவ்வொரு கருவிக்கும் நாமும் ஒரு சொல் தேட முடியுமா?

மடல் 4 (சென்னிமலை)

எங்கள் வீடு தறி வீடு, அதனால் ஒன்று சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘சிக்கு’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். சிக்கு விழுந்தால் அன்றைய வேலை போயிற்று என்று அர்த்தம். க்னூத்தின் டேங்கிள் தந்த பாஸ்கல் மொழி நிரல் இடைவெளிகூட இல்லாமல் அடைத்துக்கொண்டு, மனிதர் படிக்க முடியாதபடி இருக்கும், அந்தப் பெயர் அதற்குப் பொருந்தியது. ஆர்க்-மோடு தரும் கோப்போ சுத்தமாக இருக்கிறது. இல்லாத சிக்கலை நாம் ஏன் தமிழில் கொண்டுவர வேண்டும்?

நெசவு சரியான சொல். விளக்கம் பாவு, நிரல் ஊடை. ஒன்றை உருவினால் மற்றது நிற்காது. டேங்கிளுக்கு ‘இழைபிரிப்பு’ எனலாம்.

மடல் 5 (யாழ்ப்பாணம்)

> இழைபிரிப்பு

‘இழை’ ஏற்கெனவே திரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று) போய்விட்டதே அண்ணா. மாணவர் குழம்புவார்.

சென்னை நண்பரின் பயம் எனக்கு இல்லை. நாங்கள் ‘செய்நிரல்’ என்று தமிழ்வழியில்தான் படித்தோம். பரீட்சையும் தமிழில், விசைப்பலகையில் ஆங்கிலம். இரண்டும் மனதில் சேர்ந்தே இருந்தன.

டேங்கிளின் உண்மையான வேலை பிரிப்பது மட்டுமா? ஆசிரியர் கடைசிச் செயற்கூறை (ஃபங்ஷனை) முதலில் விளக்குவார், தொடக்கத்தைப் பிறகு விளக்குவார். அந்தத் துண்டுகளைக் கணினி கேட்கும் வரிசையில் சேர்ப்பதும் டேங்கிள்தான். அது மணி கோப்பது போன்றது. ‘கோத்தல்’ என்று வைத்தால், கோத்துக் கிடைப்பது கோப்பு! ‘ஃபைல்’ என்பதற்கு நாம் அன்றாடம் சொல்லும் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

மடல் 6 (சென்னை)

அம்மா, இது உண்மையிலேயே நல்ல சொல். ஆனால் பொத்தானில் ஏவலாக எப்படி எழுதுவது? ‘கோ’ என்றால் அரசன். ‘கோர்’ என்று எழுதலாமா?

மடல் 7 (திருநெல்வேலி)

கூடாது. கோ, கோத்தான், கோத்து. ‘கோர்த்து’ என்பது வழக்கில் நுழைந்த வழு. கலைச்சொல்லிலாவது அதைத் தவிர்ப்போம். பொத்தானில் ‘கோக்க’ என்று வியங்கோளாகப் போடலாம்.

மடல் 8 (சென்னிமலை)

வழு என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் ‘கோர்த்து’ என்றுதான் சொல்கிறார்கள். ‘கோக்க’ என்ற பொத்தானை எந்தப் பிள்ளை அழுத்தும்? அதற்கு டேங்கிளே மேல்.

(இதன்பின் வந்த பதினொரு மடல்கள் கோத்து, கோர்த்து பற்றியவை. நடுவில் ஒருவர் பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று காட்டினார், உடனே பேச்சு, எல்லா எழுத்தும் ஒரே அகலம் பிடிக்கும் சமஅகல எழுத்துருவில் ‘கௌ’ எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதற்குப் போய்விட்டது.)

மடல் 20 (சேலம்)

நண்பர்களே, நாளை வெள்ளி.

‘நெசவு’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. டேங்கிளுக்கு ‘நிரல் பிரிப்பு’ என்று போடுகிறேன். ஆறு பேர் இதுவே போதும் என்றார்கள், அதில் மூன்று பேர் அலுத்துப்போய்ச் சொன்னார்கள் என்பதும் தெரியும். முதலில் வரும் இடத்தில் ‘டேங்கிள்’ என்பதையும் பக்கத்தில் தருகிறேன். நன்னூல் வரி முன்னுரையில் வருகிறது ஐயா. அதை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

மடல் 21 (யாழ்ப்பாணம்)

வாழ்த்துகள். ஆனால் உங்கள் ஒன்பதாம் பாடத்தின் வரைவைப் பார்த்தேன். அதில் வங்கிக்கணக்கு நிரலை ஐந்து துண்டாக்கி, மூன்றாம் துண்டிலிருந்து விளக்கத் தொடங்குகிறீர்கள். அந்தப் பக்கத்தில் ‘நிரல் பிரிப்பு’ என்று படிக்கும் மாணவர், துண்டுகள் எப்படி வரிசைக்கு வந்தன என்று கேட்பார். அந்த ஒரு பாடத்திலாவது ‘கோத்தல்’ என்று எழுதிப் பாருங்கள்.