தேயிலை எண்ணெய் இல்லை அம்மா, டீ ட்ரீ எண்ணெய்

எனக்கு எண்ணெய்ச் சருமம். வெள்ளவத்தையில் காலை பஸ் ஏறி கோட்டையில் இறங்குவதற்குள் நெற்றி பளபளக்கும். தாடை ஓரம் முழுக்கப் பரு. போன வருஷம் காலி வீதிப் பாமசி ஒன்றில் டீ ட்ரீ எண்ணெய் வாங்கினேன். 10 மில்லி, மண்ணிறப் போத்தல். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேயிலை எண்ணெயா? நுவரெலியாச் சாமானோ?" என்றார். நம்முடைய தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவுஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா மரத்து இலையில் வடிப்பது இது.

பிழை என்னுடையதுதான். இயற்கைதானே என்று எதிலும் கலக்காமல், பஞ்சில் தொட்டு நேரே பருவில் வைத்தேன். கற்பூரம் மாதிரி ஒரு வாசம், ஐந்து நிமிஷத்தில் எரிவு. விடியப் பார்த்தால் பரு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு ரூபாக் குற்றி அளவுக்குச் சிவப்பு. இரண்டு நாளில் செதில் செதிலாக உரிந்தது. வேலையிடத்தில் ஆளாளுக்கு "சுட்டுக்கொண்டீங்களா?" என்று விசாரிப்பு.

அப்புறம்தான் தேடி வாசித்தேன். 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பூசக் கொடுத்தது 5 வீத ஜெல். பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சோயில் பெராக்சைடைப் போல அதுவும் பருவைக் குறைத்தது. மெதுவாகத்தான், ஆனால் எரிவு போன்ற தொல்லைகள் குறைவு. நான் பூசியதோ 100 வீதம்!

இப்போது அதே 5 வீதம் வரும்படி, ஒரு துளிக்கு 19 துளி ஜொஜோபா விதை எண்ணெய். தேங்காய் எண்ணெயில் கலக்கச் சொன்னார் சித்தி. அது பட்டால் எனக்கு இன்னும் பரு வரும், கேட்கவில்லை. முழங்கை மடிப்பில் இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோனேன். இரவில் மட்டும், பரு உள்ள இடத்தில் மட்டும். ஆறு கிழமையில் சின்னப் பருக்கள் அடங்கின. தாடையில் ஆழமாக வருகிற கட்டிகளை அது அசைக்கவே இல்லை. அதற்குத் தோல் வைத்தியரிடம்தான் போனேன்.

ஜன்னலோரம் வைத்த அந்தப் போத்தல் சில மாதத்தில் வாசம் மாறிவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் ஒவ்வாமை கிளப்பும் எண்ணெய் இது. யோசிக்காமல் வீசிவிட்டேன். புதுசு பிரிஜ்ஜில், அம்மாவின் வனிலாப் போத்தலுக்குப் பக்கத்தில். விழுங்கினால் நஞ்சு என்பதால் சிவப்பு மையில் "கேக்குக்கு இல்லை" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.