தாத்தாவின் ராணுவ அடையாள வில்லை: எண்ணைப் படிக்க உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். அவர் கழுத்தில் கட்டியிருந்த அடையாள வில்லையை ஆயா சாகும்வரை சுருக்குப்பையில் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.

வட்டமான செம்பழுப்பு வில்லை. தகரம் இல்லை, அழுத்திய நார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையில் இதோடு பச்சை நிற எண்கோண வில்லை ஒன்றும் தருவார்கள். வீரர் இறந்தால் பச்சை உடலோடு இருக்கும், சிவப்பைக் கழற்றிக் கணக்குக்கு எடுத்துப்போவார்கள். அந்தச் சிவப்பு தாத்தாவோடே வீடு வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆயா வைத்த குங்குமம் எழுத்துப் பள்ளங்களில் இறுகிப்போய், எண்ணில் முதல் மூன்று இலக்கம்தான் தெரிகிறது. நாரைக் கெடுக்காமல் அதை எப்படி எடுப்பது? தண்ணீர் படலாமா?

அப்புறம், பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸிலோ (ராணுவப் பொறியாளர் படை) நீலகிரி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டிலோ பழைய பதிவு கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். 1965 வரை நம் தர்மபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது, அதனால் சேலம் என்று போட்டுத் தேட வேண்டுமா?